அபோவியானையும் பாடத்தில் சேருங்கள்: ஆசிரியர் கல்விப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டய வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் ‘கல்விச் சிந்தனையாளர்கள்’ என்ற அலகில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ரூசோ, பெஸ்டலாட்சி, ஃபுரோபல், மாண்டிசோரி, ஜான் டூயி. நம் பக்கம் காந்தி, தாகூர். இதே வரிசையை நான் மாணவனாக மனப்பாடம் செய்தேன். பிறகு பயிற்றுநராகி, அதே வரிசையை மற்றவர்களை மனப்பாடம் செய்ய வைத்துச் சம்பளம் வாங்கினேன். ‘ஃபுரோபலின் பரிசுகள் என்றால் என்ன?’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு, பிள்ளைகள் விளையாடிக் கற்கும் பந்தும் கட்டைகளும் என்று விடை எழுதிவிட்டு, வாழ்நாளில் ஃபுரோபலை மறுபடி நினைக்காத ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

இந்தப் பட்டியலிலிருந்து யாரையும் நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒருவரைச் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன். அவர் பெயர் கச்சாத்தூர் அபோவியான். ஆர்மீனியர். நவீன ஆர்மீனிய இலக்கியத்தின் தந்தை என்று அவருடைய மக்கள் கொண்டாடுகிறார்கள். யெரெவானில் அவர் பெயரில் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது. யெரெவானுக்கு வடகிழக்கே ஓர் ஊருக்கே அவர் பெயர்தான். ஆனால் இந்தப் பெருமைகளுக்காக அவரைப் பரிந்துரைக்கவில்லை. அவர் நம் பட்டியலில் உள்ளவர்களைப் போன்றவர் அல்ல என்பதுதான் என் காரணம்.

பட்டியலில் உள்ளவர்களைப் பாருங்கள். பெஸ்டலாட்சிக்கு இவெர்டனில் கோட்டைக்குள் சொந்தப் பள்ளி. டூயிக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பள்ளி. மாண்டிசோரி அம்மையாருக்கு ரோம் நகரில் அவர் சொன்னபடி நடக்கும் குழந்தைகள் இல்லம். ரூசோவுக்குப் பள்ளியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பெற்ற பிள்ளைகளை அனாதை இல்லத்தில் விட்டுவிட்டுத்தான் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதினார். இவர்களைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளை எங்கே போய் உட்காருகிறான்? தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், சுற்றறிக்கை, புள்ளிவிவரப் படிவம் எல்லாவற்றுக்கும் கீழே. அபோவியான் உட்கார்ந்ததும் அங்கேதான். அவர் அரசுச் சம்பளம் வாங்கிய மாவட்டப் பள்ளி மேற்பார்வையாளர். எழுதிய பாடநூலைப் பள்ளியில் புழக்கத்துக்குக் கொண்டுவர முடியாதவர். மேலே இருந்தவர்களோடும் பக்கத்தில் இருந்தவர்களோடும் ஒத்துப்போகாதவர். அத்தனைக்கும் நடுவில் நல்ல ஆசிரியராக இருந்தவர்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

யெரெவானை ஒட்டிய கானாகேர் என்ற கிராமத்தில் 1809-ல் பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இன்று அது நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது; அவர் வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. அன்று அந்த நிலம் பாரசீக ஆட்சியில், யெரெவான் சர்தாரின், அதாவது பாரசீக ஆளுநரின் அதிகாரத்தில் இருந்தது. பத்து வயதில் அப்பா கையைப் பிடித்து எச்மியாட்சின் மடத்தில் கொண்டுபோய் விட்டார். ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடம் அது. பையன் பாதிரியார் ஆகிவிடுவான் என்று நினைப்பு. அக்காலத்து ஆர்மீனியப் பள்ளிகளில் ‘ஃபலாக்கா’ என்றொரு தண்டனை இருந்தது: காலைக் கட்டையில் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலில் பிரம்பால் அடிப்பது. பிற்காலத்தில் பிள்ளைகளை அடித்துப் படிக்க வைப்பதை அபோவியான் விடாமல் எதிர்த்தார். பள்ளிகளில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மடத்தை விட்டு திஃப்லிஸ் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசிக்குப் போனார். அங்கே 1824-ல் புதிதாகத் திறந்த நெர்சிசியான் பள்ளியில் சேர்ந்தார். ஹருத்தியூன் அலம்தாரியான் என்ற கவிஞர் அங்கே ஆசிரியர். படிப்பு முடிந்து மேற்படிப்புக்கு வெனிஸ் போக வேண்டும் என்ற ஆசை இருந்தபோது 1826-ல் ரஷ்யாவுக்கும் பாரசீகத்துக்கும் போர் மூண்டது. பயணம் நின்றுபோனது. 1827-ல் ரஷ்யப் படை யெரெவான் கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஒப்பந்தத்தோடு கிழக்கு ஆர்மீனியா ரஷ்யப் பேரரசுக்குள் போனது. நம் ஆள் மறுபடி எச்மியாட்சினில், திருச்சபைத் தலைவரிடம் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மலை குறுக்கிட்டது. 1829-ல் டோர்பாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட்ரிக் பாரோட் அராரத் மலை ஏற வந்தார். மொழிபெயர்ப்புக்கும் வழித்துணைக்கும் அபோவியானை அனுப்பினார்கள். நோவாவின் பேழை தங்கியது என்று நம்பப்படும் மலை அது. மனிதக் கால் அதன் உச்சியைத் தொடக் கூடாது, தொடவும் முடியாது என்பது ஆர்மீனியர்களின் நம்பிக்கை. ஏற முயன்ற ஒரு துறவி தூங்கும்போதெல்லாம் தேவதை அவரைப் பழையபடி அடிவாரத்தில் கொண்டுவந்து கிடத்தியதாகக் கதை. மலைச் சரிவில் அக்கூரி என்ற ஊருக்கு மேலே இருந்த மடத்தில் தங்கிக்கொண்டு, இரண்டு முறை முயன்று இறங்கி, மூன்றாம் முறை அக்டோபர் 9-ஆம் தேதி பிற்பகல் உச்சிக்குப் போய்விட்டார்கள். பாரோட், அபோவியான், இரண்டு ரஷ்யச் சிப்பாய்கள், அக்கூரிக்காரர்கள் இருவர். உயரம் 5,137 மீட்டர். அபோவியான் பனிக்கட்டியைத் தோண்டிக் குழி பறித்து, தூக்கி வந்திருந்த மரச்சிலுவையை நட்டார். பிறகு ஒரு துண்டுப் பனிக்கட்டியை எடுத்து வந்து அதன் நீரைக் குப்பியில் பத்திரப்படுத்தினார், புனித நீர் என்று. விஞ்ஞானி தூக்கி வந்த காற்றழுத்தமானி ஒரு பக்கம், இந்தக் குப்பி ஒரு பக்கம். அபோவியானுக்கு இரண்டுமே வேண்டியிருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

இறங்கி வந்து சொன்னால் யார் நம்பினார்கள்? மடத்தில் நம்பவில்லை. ரஷ்யாவிலும் படித்த பெரிய மனிதர்கள் சந்தேகப்பட்டார்கள். கூடப் போனவர்களிடம் சாட்சி வாங்க வேண்டியதாயிற்று. 1840-ல் நிலநடுக்கத்திலும் நிலச்சரிவிலும் அக்கூரி ஊரும் அந்த மடமும் புதைந்துபோயின. 1845-ல் ஹெர்மன் ஆபிக் என்ற நிலவியல் அறிஞரோடும், மறு ஆண்டு ஓர் ஆங்கிலேயரோடும் அபோவியான் மறுபடி உச்சிக்குப் போனார்.

பாரோட்டின் சிபாரிசில் ரஷ்ய அரசு உதவித்தொகை கிடைத்து, 1830 முதல் 1836 வரை டோர்பாட்டில் படித்தார். இன்று அந்த ஊர் எஸ்தோனியாவில் தார்த்து என்ற பெயரில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் நடந்த பல்கலைக்கழகம். மொழிகள், தத்துவம், வரலாறு, இயற்கை அறிவியல் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். கெதே, ஷில்லர், ஐரோப்பியக் கல்விச் சிந்தனை எல்லாம் அங்கேதான் அறிமுகம். கானாகேர் பையனுக்கு வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அது இந்த ஆறு ஆண்டுகள்தான்.

இனி வருவதுதான் நான் பாடமாக வைக்கச் சொல்லும் பகுதி.

1836-ல் ஊர் திரும்பினார். பிள்ளைகளுக்குப் பள்ளி, புதுமுறைப் பாடம், தாய்மொழியில் நூல் என்று தலை நிறையத் திட்டம். திருச்சபைத் தலைமையிடம் போனார். வரவேற்பு இல்லை. ஜெர்மன் பேசும் ஊரில் புராட்டஸ்டண்டுகளிடம் படித்துவிட்டு வந்த உதவிக்குரு என்று அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்த ஆண்டுதான் ரஷ்ய அரசு புதிய விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்து, ஆர்மீனியத் திருச்சபைப் பள்ளிகளின் மேற்பார்வையைத் திருச்சபையிடமே கொடுத்திருந்தது. ஆக, தாய்மொழிப் பள்ளி வேண்டுமென்றால் திருச்சபை தயவு வேண்டும். அது இல்லையென்றால் மிச்சம் இருப்பது அரசுப் பள்ளி. அங்கே ரஷ்ய மொழிதான் ராஜா. ஆர்மீனியப் பிள்ளைக்கு ஆர்மீனியத்தில் சொல்லிக்கொடுக்க நினைத்த ஆசிரியருக்கு இரண்டு கதவும் பாதிதான் திறந்தன. 1837-ல் திஃப்லிஸ் மாவட்டப் பள்ளியின் மேற்பார்வையாளர் ஆனார். வீட்டிலேயே பிள்ளைகளைத் தங்க வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். எமிலியா என்ற ஜெர்மன் பெண்ணை மணந்தார்.

இப்போது மொழி நிலைமையைச் சொல்ல வேண்டும். அன்று ஆர்மீனியத்தில் எழுதுவது என்றால் ‘கிராபார்’ எனப்படும் பழைய எழுத்து மொழியில்தான் எழுத வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் மெஸ்ரோப் மாஷ்தொட்ஸ் எழுத்துகளை உருவாக்கிய காலத்திலிருந்து வந்த மொழி. வேதம், வழிபாடு, வரலாறு எல்லாம் அதில்தான். கடைத்தெருவில், வயலில், அடுப்படியில் பேசுவதோ ‘அஷ்கர்ஹபார்’ எனும் மக்கள் மொழி. அதிலும் ஊருக்கு ஒரு வட்டார வழக்கு. மடத்தில் படித்தவர்களுக்கு மட்டும் கிராபார் விளங்கும். மற்றவர்களுக்குக் கோயிலில் காதில் விழும் சத்தம், அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அபோவியான் ‘நகஷாவிக்’ என்ற ஆரம்பப் பாடநூலை எழுதினார். முதற்படி என்று பொருள் கொள்ளலாம். பிள்ளைக்குப் புரியும் பேச்சு மொழியில், எழுத்தறிவிலிருந்து தொடங்கிச் சிறு கதை, அறிவுரை, உலக அறிவு என்று வளரும் நூல். அதைப் பள்ளிகளில் நடத்த அனுமதி கிடைக்கவில்லை. ஆர்மீனியப் பிள்ளைகளுக்கான ரஷ்ய இலக்கணமும் எழுதினார். பிள்ளைகளுக்கென்றே ஆர்மீனியத்தில் இலக்கியம் படைத்த முதல் ஆள் அவர்தான் என்பார்கள். நீதிக்கதைகள், கேலிப்பாட்டுகள், பெரியவர்களுக்கு எழுதியவை எல்லாம் வேறு. ரூசோவைப் படித்தவர்தான், ஆனால் அவர் முன்னால் ரூசோவின் நூலில் வரும் எமில் போன்ற கற்பனைப் பையன் ஒருவன் மட்டும் இல்லை. நிஜப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கொட்டாவியை அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் விஷயம். 1841-ல் எழுதிய ‘ஆர்மீனியாவின் காயங்கள்’ நாவலின் முன்னுரையில் இதைச் சொல்கிறார். குரோசஸ் மன்னனின் ஊமை மகனைப் பற்றிய பழங்கதையோடு அந்த முன்னுரை தொடங்குகிறது. பிறந்ததிலிருந்து பேசாத பிள்ளை, தந்தையைச் சிப்பாய் வெட்ட வருவதைப் பார்த்ததும் வாய் திறந்து கத்திவிடுகிறான். தன் நிலைமையும் அதுதான் என்கிறார் அபோவியான். பிறகு வகுப்பறைக்கு வருகிறார். தன்னிடம் படிக்கும் ஆர்மீனியப் பிள்ளைகள் ரஷ்ய, ஜெர்மன், பிரெஞ்சுப் புத்தகங்களை ஆசையோடு எடுத்துப் படிக்கிறார்கள். ஆர்மீனியப் புத்தகத்தைக் கொடுத்தால் ஒதுக்குகிறார்கள். மற்ற ஆசிரியர்களாக இருந்தால் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பற்று இல்லை’ என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டிருப்பார்கள். அபோவியான் பிள்ளைகள் பக்கம் நின்று யோசித்தார். அந்த வெளிநாட்டுப் புத்தகங்களில் என்ன இருக்கிறது? காதல் இருக்கிறது, நட்பு இருக்கிறது, வீரம், சாவு, பெற்றவர்கள், பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. நம் புத்தகத்தில் என்ன இருக்கிறது? சாமியும் புனிதர்களும். அதுவும் புரியாத மொழியில். பிள்ளை எதை எடுக்கும்?

அடுத்து ஊர்ச் சனங்களைக் கவனிக்கிறார். கல்யாணத்திலும் விருந்திலும் கண் தெரியாத ‘அஷுக்’ ஒருவர் வந்து இசைக்கருவியை மீட்டிக் கதை பாடுவார். பல நேரம் பாட்டு துருக்கிய மொழியில். ஆர்மீனியர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோயிலில் அரை மணி நேரம் நிற்க முடியாதவன் பாட்டுக்காரன் முன்னால் விடிய விடிய உட்காருகிறான். ஆக, கேட்க ஆள் இல்லாமல் இல்லை. சொல்கிறவன் சொல்கிற விதமாகச் சொல்லவில்லை. இந்த முடிவுக்கு வந்த அபோவியான் இலக்கணம், அணியிலக்கணம், தர்க்கம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தானும் ஓர் அஷுக் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன் என்று எழுதுகிறார். படித்தவர்கள் ஏசுவார்கள், கிராபார் தெரியாதவன் என்பார்கள் என்று தெரிந்தே உட்கார்ந்தார். கானாகேர் பேச்சுவழக்கிலேயே எழுதினார்.

குழுவில் இருப்பவர்களை நான் வேண்டிக் கேட்பது, இந்த முன்னுரையை மட்டுமாவது படியுங்கள். நாவல் எப்படிப் பிறந்தது என்று இலக்கிய வரலாற்றுக்காரர்கள் இதைப் படிக்கிறார்கள். எனக்கு இது ஓர் ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றி எழுதிய குறிப்பேடாகத்தான் தெரிகிறது. நம் பயிற்சி மாணவர்கள் ‘செயலாய்வு’ என்று ஒன்று எழுதுகிறார்களே, கடைசி வாரத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, வரைபடமும் சேர்த்துக் கட்டித் தருவார்களே, அதன் உண்மையான வடிவம் இதுதான். பிரச்சினை: பிள்ளைகள் படிக்கவில்லை. கவனித்தது: எதைப் படிக்கிறார்கள், யாரைக் கேட்கிறார்கள். செய்தது: பிள்ளைகளைக் கடியாமல் புத்தகத்தை மாற்றியது.

கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட ஒருமுறை மேற்கு மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு. ‘நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்’ என்பது பயிற்சி. ஒரு பெண் குழந்தை எழுந்து, “எங்கப்பிச்சி குட்டிய தோள்ல போட்டுக்கிட்டு வந்துச்சுங்க” என்று ஆரம்பித்தது. குரலில் அப்படி ஓர் உற்சாகம். குட்டிக்குக் கால் ஒடிந்ததா, காணாமல் போய்க் கிடைத்ததா, ஏதோ பெரிய சேதி வரப்போகிறது. பயிற்சி ஆசிரியை குறுக்கிட்டார்: “அப்பிச்சி இல்ல, தாத்தா. வந்துச்சு இல்ல, வந்தார். எங்க, திருப்பிச் சொல்லு.” குழந்தை, “தாத்தா வந்தார்” என்றது. உட்கார்ந்துவிட்டது. குட்டி என்ன ஆயிற்று என்று அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. பயிற்சிப் பெண்ணின் பாடக்குறிப்பில் ‘பிழை திருத்தம்’ என்ற இடத்தில் சரி குறி போட்டாயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். ஃபுரோபலின் பரிசுகளும் அவருக்குத் தெரியும், முழு மதிப்பெண். அபோவியானின் முன்னுரையைப் படித்திருந்தால் குறைந்தபட்சம் குட்டி என்ன ஆயிற்று என்றாவது கேட்டிருப்பார்.

நாவலைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் படித்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்கக் கூடாது. தொடக்கம் அபாரம். தவக்காலத்துக்கு முந்தைய பண்டிகை. ஊரே தின்று குடித்துக் கூத்தாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சர்தாரின் ஆட்கள் தக்கூஹி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக வருகிறார்கள். அகாசி என்ற இளைஞன் எதிர்த்து அடிக்கிறான். அங்கிருந்து போர், தப்பியோட்டம், பழிவாங்கல் என்று கதை ஓடுகிறது. ஆனால் ஆசிரியர் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டுப் புலம்ப ஆரம்பித்துவிடுவார்; பக்கம் பக்கமாக ஒப்பாரி. துணைத்தலைப்பிலேயே புலம்பல் என்று போட்டிருப்பதால் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. ரஷ்யர்கள் வந்ததற்குப் போடும் கும்பிடு இன்றைய கண்ணுக்கு உறுத்தும். சர்தாரின் ஆட்சியில் பிறந்து வளர்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. அதே ரஷ்ய அரசின் பள்ளி அதிகாரிகளிடம் அவர் பட்ட பாட்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கும்பிடு முழுசாக விளங்கும். பாரசீகரையும் முஸ்லிம் அண்டையாரையும் பற்றிய கடுஞ்சொற்களும் உண்டு. அதே மனிதர்தான் குர்து மக்களையும் யெசிதிகளையும் பற்றி, அவர்களோடு பழகி, அவர்கள் பழக்கவழக்கங்களை மதித்து, திஃப்லிஸ் ‘காவ்காஸ்’ இதழில் கட்டுரை எழுதியவர். பயிற்சி மாணவர்களிடம் இரண்டையும் கொடுத்து விவாதிக்க விடலாம். பெரிய மனிதர்களைப் பூசை அறையில் வைக்காமல் படிக்கப் பழகட்டும்.

நாவல் அவர் கண் முன்னால் அச்சாகவில்லை. 1858-ல்தான் வந்தது. அப்போது அவர் இல்லை.

1843-ல் அவரை யெரெவான் மாவட்டப் பள்ளிக்கு மாற்றினார்கள். சொந்த ஊர்ப் பக்கம்தான், ஆனாலும் நிம்மதி இல்லை. உடன் வேலை பார்த்தவர்களோடு உரசல், மதகுருமார்களோடு உரசல், மேலிடத்தோடு உரசல். இதே ஆண்டுகளில் காகசஸுக்கு வந்த ஐரோப்பியப் பயணிகளுக்கெல்லாம் அவர்தான் துணை. ஹக்ஸ்ட்ஹௌசன் என்ற ஜெர்மன் பிரபு அவரோடு கானாகேருக்குப் போய்விட்டு வந்து, ஆர்மீனியக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி அபோவியான் வாய்வழி வந்தது. வெளிநாட்டு அறிஞர்கள் தேடி வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். உள்ளூர்ப் பள்ளியில் அவர் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. இந்த அனுபவம் நம் ஊர் ஆசிரியர்கள் சிலருக்கும் புதிதாக இருக்காது.

1848 ஏப்ரல் 14 காலையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. மகன் வர்தானுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. ரஷ்ய இரகசியக் காவல் பிடித்து சைபீரியாவுக்கு அனுப்பியது என்பார்கள், எதிரிகள் கொன்றார்கள் என்பார்கள், தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பார்கள், அந்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் வெடித்த புரட்சியில் சேரப் போய்விட்டார் என்றும் சொல்வார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. அவரைப் பற்றி யார் எழுதினாலும் மலையில் ஆரம்பித்து இந்த மர்மத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடம் நடத்தினாரே, அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பாடநூலிலாவது அது இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோளில் முக்கியமான பகுதி. அலகுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கினால் மலைக்கு அரைப் பக்கம், மர்மத்துக்கு நாலு வரி போதும்.

‘ஆர்மீனியாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று குழுவில் யாராவது கேட்பார்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஆர்மீனியன் தெருவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே ஆர்மீனியக் கோயிலும் கல்லறைகளும் இன்னும் இருக்கின்றன. சென்னையில் வணிகம் செய்த ஷாஹமீர் ஷாஹமீரியான் 1772-ல் இங்கே ஆர்மீனிய அச்சகம் தொடங்கி, ஆர்மீனிய இளைஞர்களைத் தட்டியெழுப்ப நூல் போட்டார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-ல் இதே ஊரில், ஹருத்தியூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் கையால் வெளிவந்தது. அவர் கல்லறையும் இங்கேதான். பத்து வயது அபோவியான் போய்ச் சேர்ந்த எச்மியாட்சினில் 1771-ல் அச்சகம் அமைந்ததுகூட இந்தியாவில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஒருவர் கொடுத்த பணத்தில்தான். ஆகவே இந்த மனிதர் முன்பின் தெரியாத தேசத்திலிருந்து வரும் விருந்தாளி அல்ல. ஆனால் நேர்மையாகச் சொன்னால், சென்னைத் தொடர்பு இல்லாவிட்டாலும் அவரைச் சேர்க்கத்தான் சொல்வேன். ஃபுரோபலுக்கு மயிலாப்பூரில் வீடு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

இனி நடைமுறை. முதலாவது, முன்னுரையை ஆங்கிலத்திலிருந்து எடுத்து மூன்றாம் கையாகத் தமிழாக்க வேண்டாம். நான் ஆங்கில வழியாகத்தான் படித்தேன். பேச்சுவழக்கில் எழுதிய ஒருவரை நல்ல ஆங்கிலத்தில் படிப்பது சப்பென்று இருக்கிறது. யெரெவானில் அவர் பெயரால் இயங்கும் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் ஆர்மீனியம் தெரிந்த ஒருவரும், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார வழி பிறக்கும். மொழிபெயர்ப்பு பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். செந்தமிழில் போட்டுவிட்டால் அவர் செய்ததெல்லாம் வீண்.

இரண்டாவது, இந்த அலகை ‘உளவியல், தத்துவ அடிப்படைகள்’ என்ற தாளில் கொண்டுபோய்த் திணிக்காமல், தமிழ் கற்பித்தல் தாளில் வையுங்கள். வீட்டு மொழியிலிருந்து புத்தக மொழிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் வேலை அங்கேதான் நடக்கிறது. தெலுங்கோ, உருதோ, படுகோ வீட்டில் பேசும் பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கு இது இன்னும் அவசியம்.

மூன்றாவது, மனப்பாட வினா வேண்டாம். ‘உன் பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகள் பாடநேரத்துக்கு வெளியே எதைக் கேட்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுது’ என்று ஒப்படைப்பு கொடுங்கள். கானா பாட்டு வரும், கைப்பேசி விளையாட்டு வரும், வரட்டும். பிறகு அதிலிருந்து ஒரு பாடம் தயாரிக்கச் சொல்லுங்கள். திருத்துவது சிரமம்தான், ஒரே மாதிரி விடை வராது. பார்த்து எழுதவும் முடியாது என்பது கூடுதல் வசதி.

எதைக் கேட்டாலும் கேளுங்கள், ஒரு மதிப்பெண் பகுதியில் அபோவியான் பிறந்த ஆண்டை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மேலே 1809 என்று எழுதியிருக்கிறேன். 1805 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விடைக்குறிப்பு போடுபவர் திண்டாடிப்போவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்